ஆயிரம் வரை எண்ணிய துறவி

எண்களின் கதை – 12

கி.பி. 1011-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 25 அன்று வந்தது. கிறிஸ்தவ மரபில் மார்ச் 25 ஏற்கெனவே கனமான நாள். கபிரியேல் தூதர் மரியாவுக்கு மங்களச் செய்தி சொன்ன நாள் அதுதான். இயேசு சிலுவையில் அறையுண்டதும் அதே தேதியில்தான் என்று நடுக்கால அறிஞர்கள் பலர் நம்பினார்கள். அந்த நாளிலேயே உயிர்ப்பு விழாவும் வந்து சேர்ந்தது. ஆனால் கிழக்கு இங்கிலாந்தில் அது கொண்டாட்டத்துக்கான காலமாக இல்லை. முந்தைய ஆண்டுதான் டேனியப் படைகள் ரிங்மியர் என்ற இடத்தில் உள்ளூர்ப் படையை முறியடித்து, தெட்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் எரித்திருந்தன. எந்தெந்த வட்டாரங்கள் அவர்கள் காலடியில் விழுந்தன என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு 1011-ஆம் ஆண்டின் கீழ் வரிசையாகச் சொல்கிறது. ஹன்டிங்டன் வட்டாரத்தில் பாதி அந்த வரிசையில் இருக்கிறது.

அந்த ஹன்டிங்டன் வட்டாரத்துச் சதுப்பு நிலத்தில், நீர் சூழ்ந்த ஒரு மேட்டில் நின்றது ராம்சி மடம். எரிந்துபோன கேம்பிரிட்ஜிலிருந்து சுமார் 35 கி.மீ. தூரம். அங்கே ஒரு துறவி ஆட்டுத்தோல் ஏடுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார். நடப்பு ஆண்டு 1011 என்று வைத்து அதில் மாதிரிக் கணக்குகளைப் போட்டுக் காட்டினார். ஆண்டை எப்படி வகுப்பது, நிலவின் வயதை எப்படி அறிவது என்று தொடங்கிய நூல் கடைசிப் பகுதியில் இன்னொரு கேள்விக்குப் போனது. ஒன்று என்ற எண்ணுக்கு என்ன பொருள்? இரண்டுக்கு என்ன? அப்படியே ஒவ்வொரு படியாக ஏறி ஆயிரம் வரை சென்றார்.

அவர் பெயர் பிர்ட்ஃபெர்த். நூலின் பெயர் ‘என்கிரிடியோன்’, அதாவது கையேடு.

எண்களுக்குப் பொருள் உண்டு என்றதும் நம்மில் பலருக்குப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி அதிர்ஷ்டம் தேடும் எண்சோதிடம் நினைவுக்கு வரும். பிர்ட்ஃபெர்த் செய்தது வேறு வேலை. நாளை என்ன நடக்கும் என்று அறிவதற்காக அவர் எண்களைத் தொடவில்லை. கடவுள் இரண்டு நூல்களை எழுதியிருக்கிறார், ஒன்று திருமறை, மற்றொன்று இந்த உலகம் என்பது அக்காலத் துறவிகளின் பார்வை. அந்த இரண்டிலும் எண்கள் நிறைந்திருக்கின்றன. அவை காரணமில்லாமல் அங்கே வந்திருக்க முடியாது; ஆகவே அவற்றைப் படிக்கக் கற்க வேண்டும். அவருடைய ஆய்வு முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் இந்த நூலைப் புரட்டினால் வெறும் விளையாட்டாகத்தான் தெரியும்.

மடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வூஸ்டர் ஆயராக இருந்து பின்னாளில் யார்க் பேராயரும் ஆன ஆஸ்வால்ட், எதல்வைன் என்ற நிலத்தலைவரின் உதவியோடு 960-களின் பிற்பகுதியில் ராம்சியை நிறுவினார். ஆஸ்வால்ட் பயிற்சி பெற்றது பிரான்சில், லுவார் ஆற்றங்கரையில் உள்ள ஃப்ளூரி மடத்தில். புனித பெனடிக்ட்டின் எலும்புகளைத் தன்னிடம் வைத்திருந்த பெருமை ஃப்ளூரிக்கு உண்டு. சிறந்த நூலகமும் அங்கே இருந்தது. தம் புதிய மடத்துக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று ஆஸ்வால்ட் ஃப்ளூரியைக் கேட்டார். வந்தவர் ஆபோ. அன்றைய ஐரோப்பாவின் மிகத் தேர்ந்த கணக்கறிஞர்களில் ஒருவர். 985 முதல் 987 வரை, இரண்டே ஆண்டுகள்தான் ராம்சியில் இருந்தார். அந்த இரண்டு ஆண்டுகளில் கற்றதை வைத்துக்கொண்டு பிர்ட்ஃபெர்த் வாழ்நாள் முழுவதும் எழுதினார். தம் அறிவு ஆபோவின் அருளால் வந்தது என்று அவரே நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். ஊர் திரும்பிய ஆபோ ஃப்ளூரியின் மடாதிபதி ஆனார். 1004-இல் காஸ்கனியில் லா ரெயோல் என்ற ஊரில் ஒரு கலவரத்தில் குத்துப்பட்டு இறந்தார். மாணவர் கையேட்டை எழுதும்போது ஆசிரியர் உயிரோடு இல்லை.

துறவிகளுக்குக் கணக்கு எதற்கு? ஈஸ்டருக்காக. வசந்த காலச் சமபகலிரவு நாளான மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது விதி. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் சூரிய ஆண்டும், நிலவின் மாதமும், ஏழு நாள் வாரமும் ஒன்றுக்கொன்று மீதியில்லாமல் பொருந்துவதில்லை. 19 சூரிய ஆண்டுகளில் 235 நிலவு மாதங்கள் ஏறக்குறையச் சரியாக அடங்குகின்றன. கிழமைகள் 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே தேதிகளுக்குத் திரும்புகின்றன. 19-ஐ 28-ஆல் பெருக்கினால் 532. ஆக, ஈஸ்டர் தேதிகள் 532 ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலிலிருந்து தொடங்கும். இந்தக் கணக்குக் கலைக்கு லத்தீனில் கொம்புத்துஸ் என்று பெயர். ஜாரோ மடத்துத் துறவி பீட் 725-இல் எழுதிய காலக்கணக்கு நூல் இதற்கு அடித்தளம். பிர்ட்ஃபெர்த்தின் கையேடு பல இடங்களில் அதற்கு விளக்கவுரை போலவே செல்கிறது.

1011-ஐயே எடுத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டோடு ஒன்றைக் கூட்டினால் 1012. அதை 19-ஆல் வகுத்தால் ஈவு 53, மீதி 5. அதாவது அது 19 ஆண்டுச் சுற்றின் ஐந்தாம் ஆண்டு. ஐந்தாம் ஆண்டுக்கு உரிய பௌர்ணமி மார்ச் 22 என்று அட்டவணை சொல்லும். அந்த ஆண்டு மார்ச் 22 வியாழக்கிழமை. அடுத்த ஞாயிறு மார்ச் 25. முடிந்தது. நமக்கு இது இரண்டு நிமிட வேலை. ரோமன் எழுத்துகளை வைத்துக்கொண்டு, சுழியம் இல்லாமல், இடமதிப்பு இல்லாமல் செய்து பாருங்கள்! 888 என்று எழுதவே அவர்களுக்குப் பன்னிரண்டு எழுத்துகள் தேவைப்பட்டன.

இதில் மனத்தைத் தொடும் ஒரு செய்தி உண்டு. வட ஸ்பெயினில் அல்பெல்தா மடத்தில் விகிலா என்ற துறவி 976-இல் படியெடுத்த ஏட்டில் இந்தியாவின் ஒன்பது இலக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தியர்களின் நுண்ணறிவைப் பாராட்டும் குறிப்பும் உடன் இருக்கிறது. லத்தீன் ஏடுகளில் இந்த இலக்கங்கள் தென்படும் மிகப் பழைய இடம் அதுதான். அதற்கு 35 ஆண்டுகளுக்குப் பிறகும் ராம்சியில் பிர்ட்ஃபெர்த் பழைய ரோமன் எழுத்துகளோடுதான் போராடிக்கொண்டிருந்தார்.

எழுத்தில் போடக் கடினமான கணக்கை அவர்கள் விரலில் போட்டார்கள். பீட் தம் நூலின் முதல் அத்தியாயத்தையே விரல் கணக்குக்குக் கொடுத்தார். இடது கை ஒன்றுகளையும் பத்துகளையும் காட்டும். வலது கை நூறுகளையும் ஆயிரங்களையும். இரு கைகளால் 9,999 வரை. உடலின் பிற இடங்களில் கையை வைத்துக் காட்டினால் பத்து லட்சம் வரை. இந்தக் கணக்கும் வெறும் கணக்காக நிற்கவில்லை. விதைப்பவர் உவமையில் நல்ல நிலம் முப்பது, அறுபது, நூறு மடங்கு விளைகிறது அல்லவா? முப்பதைக் காட்டும்போது பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் மெல்லத் தொட்டுக்கொள்கின்றன; அது கணவன் மனைவி. அறுபதில் பெருவிரலைச் சுட்டுவிரல் மேலிருந்து அழுத்துகிறது. அது துணையை இழந்தவரின் துயரம். நூறு வரும்போது கணக்கு இடது கையிலிருந்து வலது கைக்கு மாறி, விரல்கள் வட்டமாகக் கூடுகின்றன. அது கன்னித் துறவின் மணிமுடி. இந்த விளக்கம் நான்காம் நூற்றாண்டின் புனித ஜெரோமுடையது. பீட் அதைத் தம் விரல் கணக்கில் எடுத்துவைத்தார். எண்ணும் விரல்களிலேயே பொருள் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கையேட்டில் என்னை மிகவும் வியக்க வைத்தது காலத்தைத் துண்டாடும் பகுதி. ஒரு மணிக்கு 40 கணங்கள். ஒரு கணத்துக்கு 564 அணுக்கள். ஆக ஒரு மணியில் 22,560 அணுக்கள். நம் கணக்கில் ஓர் அணு ஏறத்தாழ ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. நிழலையும் எரியும் மெழுகுவர்த்தியையும் நம்பி நேரம் பார்த்த உலகம் அது. ஐரோப்பாவில் இயந்திரக் கடிகாரம் வர இன்னும் 250 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அளக்கவே முடியாத ஒரு நொடித்துளியை ஏன் எண்ண வேண்டும்? 22,560-ஐ 235-ஆல் வகுத்துப் பாருங்கள்: மீதியில்லாமல் 96 வரும். 235 என்பது 19 ஆண்டுகளின் நிலவு மாதங்கள். இது தற்செயல் இல்லை என்பதே என் எண்ணம். நிலவையும் சூரியனையும் ஒரே அளவுகோலால் மீதியின்றி அளக்க வேண்டும் என்ற தவிப்பு அந்த எண்ணுக்குள் இருக்கிறது. இந்த அளவை பிர்ட்ஃபெர்த்துக்கு முன்பே ஜெர்மானிய நாட்டு ராபானுஸ் மௌருஸ் 820 வாக்கில் எழுதிய கணக்கு நூலில் இருக்கிறது. ராம்சித் துறவி அதைத் தம் மாணவர்களிடம் சேர்த்தார்.

இப்போது கடைசிப் பகுதிக்கு வருவோம்.

கடவுள் எல்லாவற்றையும் அளவு, எண், எடை ஆகியவற்றின்படி அமைத்தார் என்று பழைய ஏற்பாட்டின் சாலமோனின் ஞான நூலில் ஒரு கருத்து வருகிறது. அந்தச் சின்ன இடத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார் ஒரு பெரிய சிந்தனையையே கட்டினார். உலகம் ஏன் ஆறு நாளில் படைக்கப்பட்டது? ஆறின் வகுஎண்கள் 1, 2, 3. அவற்றைக் கூட்டினால் மீண்டும் 6. குறையும் இல்லை, மிகையும் இல்லை. இத்தகைய எண்களை நிறைவெண்கள் என்பார்கள். கடவுள் ஆறு நாளில் படைத்ததால் ஆறு நிறைவெண் ஆனது என்று அகுஸ்தீனார் சொல்லவில்லை; ஆறு இயல்பிலேயே நிறைவெண், அதனால்தான் கடவுள் ஆறு நாளை எடுத்துக்கொண்டார் என்றார். உலகமே இல்லாவிட்டாலும் ஆறு நிறைவெண்ணாகத்தான் இருக்கும் என்பது அதன் உட்பொருள். எவ்வளவு துணிச்சலான கூற்று! அடுத்த நிறைவெண்கள் 28, 496, 8128. ஒன்றுகளில் ஒன்று, பத்துகளில் ஒன்று, நூறுகளில் ஒன்று, ஆயிரங்களில் ஒன்று என்று அவை அமைந்திருப்பதைக் கண்டு நடுக்கால மனம் சிலிர்த்தது. அகுஸ்தீனாரிடமிருந்தும், கணித நூல் எழுதிய போயத்தியுஸிடமிருந்தும், செவில் நகரத்து ஆயர் இசிதோரிடமிருந்தும், பீட்டிடமிருந்தும் கிளம்பிய ஓடைகள் ராம்சியில் வந்து சேர்ந்தன.

ஒன்று கடவுள், பகுபடாதது, எல்லா எண்களுக்கும் ஊற்று. இரண்டு, இரு ஏற்பாடுகளும் அன்பின் இரு கட்டளைகளும். மூன்று திரித்துவம். ஐந்து மோசேயின் நூல்களும் புலன்களும். ஏழு தூய ஆவியாரின் கொடைகள். ஒன்பது வானதூதர் அணிகள். பத்து கட்டளைகள். இவையெல்லாம் மரபில் வந்த விளக்கங்கள். யார் எழுதியிருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பிர்ட்ஃபெர்த் தம் தனி முகத்தைக் காட்டும் எண் நான்கு.

நான்கின் மேல் அவருக்குத் தீராத காதல். திசைகள் நான்கு, பருவங்கள் நான்கு, பூதங்கள் நான்கு, நற்செய்தி நூல்கள் நான்கு. முன்மதி, நீதி, மனவலிமை, அடக்கம் என்று தலையாய பண்புகளும் நான்கு. மனித வாழ்வும் நான்கு: பிள்ளைப் பருவம் 14 வயது வரை, இளமை 28 வரை, நடுவயது 48 வரை, முதுமை 70 அல்லது 80 வரை. வசந்தமும் பிள்ளைப் பருவமும் காற்றின் இயல்புடையவை; கோடையும் இளமையும் நெருப்பு; இலையுதிர் காலமும் நடுவயதும் மண்; குளிர்காலமும் முதுமையும் நீர். இவற்றை எல்லாம் ஒரே படத்துக்குள் அடக்கி அவர் ஒரு வரைபடம் அமைத்தார். பன்னிரண்டு ராசிகள், மாதங்கள், காற்றுகள், கதிர்த்திருப்ப நாள்கள், சமபகலிரவு நாள்கள் அத்தனையும் அதில் உண்டு. ராம்சிக்குப் பக்கத்திலிருந்த தோர்னி மடத்தில் 1110-ஐ ஒட்டிப் படியெடுக்கப்பட்ட ஓர் ஏட்டில் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி அந்த ஏட்டை வைத்திருக்கிறது. அந்தக் காலத்து வழக்கப்படி படத்தின் உச்சியில் கிழக்கு.

படத்தின் நடுப்பகுதியில் நான்கு திசைகளையும் நோக்கி நான்கு எழுத்துகள் நிற்கின்றன: ஆதாம் என்ற பெயரின் எழுத்துகள். கிரேக்க மொழியில் கிழக்கு அனதோலே, மேற்கு துசிஸ், வடக்கு அர்க்தோஸ், தெற்கு மெசெம்பிரியா. இவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆதாம். உலகின் நான்கு மூலைகளும் சேர்ந்தவனே மனிதன். கதை இதோடு நிற்கவில்லை. கிரேக்கத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஆல்ஃபா 1, தெல்தா 4, மறுபடி ஆல்ஃபா 1, மூ 40. கூட்டினால் 46. எருசலேம் கோவிலைக் கட்ட 46 ஆண்டுகள் ஆயின என்று யோவான் நற்செய்தியில் வருகிறது. இயேசு தம் உடலையே கோவில் என்று சொல்வதும் அதே இடத்தில்தான். ஆகவே ஆதாமின் பெயரும், கோவிலும், கிறிஸ்துவின் உடலும் 46-இல் சந்திக்கின்றன. இந்த விளக்கம் அகுஸ்தீனார் காலத்திலிருந்தே வருகிறது.

இதே முறையின் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 153 மீன்கள். உயிர்த்த இயேசு சொன்ன இடத்தில் சீடர்கள் வலை வீசியபோது பிடிபட்ட மீன்கள் 153. ஏன் 150 இல்லை, ஏன் 160 இல்லை? 1 முதல் 17 வரை கூட்டிப் பாருங்கள், 153 வரும். 17 என்பது பத்தும் ஏழும்: பத்துக் கட்டளைகளும், தூய ஆவியாரின் ஏழு கொடைகளும். சட்டமும் அருளும் சேர்ந்து மீட்ட மக்களே அந்த மீன்கள் என்றார் அகுஸ்தீனார். கூட்டல் சரி, பொருளும் அழகு.

ஆனால் இந்த முறையில் ஒரு பலவீனம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. எட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சார்லமேன் மன்னரின் அவையில் இருந்த அல்குயின், எட்டின் வகுஎண்களைக் கூட்டினால் 7 மட்டுமே வருகிறது, ஆகவே எட்டு குறையுள்ள எண் என்றார். நோவாவின் பேழையில் தப்பிய எட்டுப் பேரிடமிருந்து தொடங்கிய இரண்டாம் மனிதகுலம், ஆறு நாள் படைப்பில் தோன்றிய முதல் மனிதகுலத்தைவிடக் குறைபட்டது என்பது அவர் முடிவு. அதே எட்டுதான் மற்றவர்களுக்கு உயிர்ப்பின் எண்! ஏழு நாள் வாரம் முடிந்து வரும் எட்டாம் நாளில் இயேசு உயிர்த்தார். காலம் முடிந்து தொடங்கும் நித்தியமும் எட்டுதான். பழைய திருமுழுக்குத் தொட்டிகள் பலவற்றை எட்டுப் பக்கங்களோடு கட்டியதும் இதனால்தான். ஒரே எண் குறையாகவும் நிறைவுக்கு அப்பாற்பட்ட நிறைவாகவும் இருக்க முடியுமென்றால், எண் எதையும் நிரூபிக்கவில்லை என்றுதான் பொருள்.

நிரூபிப்பதற்காக அவர்கள் இதைச் செய்யவும் இல்லை. எண்களுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். பெனடிக்ட்டின் ஒழுங்கு நூல் 73 அத்தியாயங்கள் கொண்டது. பகலில் ஏழு முறை செபம், வாரத்துக்கு 150 திருப்பாடல்கள், தாழ்ச்சியின் படிகள் பன்னிரண்டு என்று அது ஒரு துறவியின் நாள் முழுவதையும் எண்ணி வைத்திருக்கிறது. நள்ளிரவில் எழுந்து இருட்டில் பாடும் ஒருவருக்கு ஏழு என்பது கரும்பலகையில் எழுதிய இலக்கம் இல்லை. அது அவருடைய தூக்கம், குரல், உடல். அப்படிப்பட்டவர் திருமறையில் ஏழைப் பார்த்தால் நின்று யோசிப்பார். ஒரு செய்தியிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணைப் பிடித்துக்கொண்டு போவார். அச்சும் அகராதியும் பொருளடைவும் இல்லாத காலத்தில் ஒரு பெரிய நூலை மனத்தில் அடுக்கி வைக்க எண் அவருக்கு மாலையின் நூல் போல உதவியது. இந்தக் கோணத்தில் பார்த்தால், எட்டுக்கு இரண்டு பொருள் இருந்ததில் யாருக்கும் சங்கடம் இல்லை என்பது விளங்கும்.

இந்த ஆய்வு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஆயிரம் ஒரு சோதனை. பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு, ஒரு சதுரம். மறுபடி பத்தால் பெருக்கினால் ஆயிரம். உயரமும் சேர்ந்து அது கனசதுரம் ஆகிறது. ஆகவே ஆயிரம் முழுமையின் எண். ஆனால் அதே ஆயிரம் திருவெளிப்பாட்டு நூலில் அச்சமூட்டும் வடிவில் வருகிறது: ஆயிரம் ஆண்டுகள் முடிந்தபின் சாத்தான் கட்டவிழ்க்கப்படுவான். பிர்ட்ஃபெர்த் எழுதும்போது கி.பி. 1000 கடந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. ஊர்கள் எரிந்தன. 1011 செப்டம்பரில் கேன்டர்பரி வீழ்ந்தது. பேராயர் ஆல்ஃபேஜ் சிறைபிடிக்கப்பட்டு மறு ஆண்டு கொல்லப்பட்டார். உலக முடிவு நெருங்கிவிட்டது என்று யார்க் பேராயர் வுல்ஃப்ஸ்தான் மேடையில் முழங்கினார். இதுதானே அந்த ஆயிரம் என்று எவருக்கும் தோன்றும்.

பிர்ட்ஃபெர்த் அந்த அச்சத்துக்குத் துணை போகவில்லை. மனிதக் கணக்கின்படி ஆயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன, ஆனால் அது எப்போது நிறைவுபெறும் என்பது மீட்பரின் கையில் இருக்கிறது என்ற கருத்தை எழுதிவிட்டு மேலே சென்றார். ஆயிரம் என்றால் நாம் எண்ணும் ஆயிரம் ஆண்டு இல்லை, காலத்தின் முழுமை என்று அகுஸ்தீனார் முன்பே விளக்கியிருந்தார். எண்ணின் பொருளைத் தெரிந்த ஒருவர் எண்ணைக் கண்டு நடுங்கவில்லை. வாழ்நாளெல்லாம் எண்களில் பொருள் தேடிய ஒரு துறவி, மிக எளிதாகப் பீதியைக் கிளப்பியிருக்கக் கூடிய இடத்தில் நிதானமாக நின்றார். இந்த நூலில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையேடு லத்தீனில் மட்டும் எழுதப்படவில்லை. ஒரு பகுதி லத்தீனில் வரும். அதையே விளக்கி மக்கள் பேசிய பழைய ஆங்கிலத்தில் அடுத்த பகுதி வரும். மடத்து இளந்துறவிகளோடு, லத்தீன் அவ்வளவாகத் தெரியாத கிராமத்துக் குருக்களும் படிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். சோம்பலாக இருந்த குருக்களை அங்கங்கே கடிந்தும் கொள்கிறார். அவருடைய லத்தீன் நடை கடினம். அரிய கிரேக்கச் சொற்களைத் தூவித் தம் படிப்பைக் காட்டும் ஆசை அதில் தெரிகிறது. சொன்னதையே திரும்பச் சொல்வதும் உண்டு. அவருடைய ஆங்கிலம் நேராகப் பேசுகிறது. அறிவியல் செய்திகளை ஐரோப்பாவின் ஒரு மக்கள் மொழியில் எழுதிய மிகப் பழைய நூல்களில் இதற்கு உறுதியான இடம் உண்டு.

எண் மீது அவருக்கிருந்த பற்று வேறொரு வகையிலும் பயன்பட்டது. மடத்தை நிறுவிய ஆஸ்வால்டின் வாழ்க்கை வரலாறு நெடுங்காலம் ஆசிரியர் பெயர் இல்லாமல் கிடந்தது. மால்டன் போர், 978-இல் எட்வர்ட் மன்னரின் கொலை என்று பத்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் முக்கிய நிகழ்ச்சிகளைச் சொல்லும் நூல் அது. 992-ஆம் ஆண்டு, லீப் ஆண்டின் பிப்ரவரி 29 அன்று, ஏழைகளின் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆஸ்வால்ட் உயிர்நீத்த செய்தியும் அதில் இருக்கிறது. கதையின் நடுவே திடீரென்று எண்களின் பொருளுக்குத் தாவும் பழக்கம், விருப்பமான சொற்கள், நடையின் வளைவுகள் ஆகியவற்றை வைத்து இருபதாம் நூற்றாண்டு அறிஞர்கள் அதை எழுதியவர் பிர்ட்ஃபெர்த் என்று அடையாளம் கண்டார்கள். சிமியோன் என்ற பிற்காலத் துறவியின் பெயரில் வழங்கிவந்த வரலாற்று நூலின் தொடக்கப் பகுதிகளும் இவருடையவையே என்று மைக்கேல் லாபிட்ஜ் காட்டினார்.

ராம்சி மடத்தை 1539-இல் எட்டாம் ஹென்றி மன்னர் கலைத்தார். அதன் கற்கள் கேம்பிரிட்ஜ் கல்லூரிக் கட்டடங்களுக்குப் போயின. வாயில் மாடத்தின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. கையேட்டின் ஒரே பழைய படி பதினோராம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்டது. ஆஷ்மோல் என்ற சேகரிப்பாளரின் கைக்கு வந்து, இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் 328 என்ற எண்ணின் கீழ் இருக்கிறது. அந்த ஒரு படி தொலைந்திருந்தால் இந்த நூல் இல்லை. 1929-இல் கிராஃபோர்ட் அதை அச்சிட்டார். 1995-இல் பீட்டர் பேக்கரும் லாபிட்ஜும் செம்மையான பதிப்பைக் கொண்டுவந்தார்கள்.

பிர்ட்ஃபெர்த்துக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, பாரிஸில் செயின்ட் விக்டர் மடத்து ஹியூ, எண் பொருள் தரும் வழிகள் ஒன்பது என்று வகுத்துக் காட்டினார். மொரிமோன் மடத்து ஓதோவும் வேறு சில சிஸ்டர்சியத் துறவிகளும் எட்டுக்கு இரண்டு பொருள் போன்ற சிக்கல்களை அவிழ்க்க விதிகள் தேடினார்கள். அவர்களை அடுத்த பகுதியில் சந்திப்போம். அதற்குள் வாசகர்கள் காகிதமும் பேனாவும் எடுத்து, 28-இன் வகுஎண்களைக் கூட்டிப் பாருங்கள்.